கிணற்றுக்குத் தீட்டு எது?

(பாலாற்றங்கரை ஊரொன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "கெட்டுப்போன தண்ணீரும் ஊராரின் கடமையும்" என்பதாக நோட்டீசில் போட்டிருக்கிறது. தலைவரவர்கள் அனுமதித்தால் கடமை என்ற வார்த்தையை எடுத்துவிட்டு உரிமை என்று போட்டுக்கொள்கிறேன். தண்ணீரைக் கெடுத்தவன் ஒருவன் இருக்க, குடித்துக் கெட்டவனைக் கூட்டிவைத்துக் கடமை போதிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் நாட்டில் கிணற்றுக்குத் தீட்டு உண்டு என்பதை எல்லோரும் அறிவீர்கள். ஒரு ஆதிதிராவிடத் தோழர் தாகத்துக்கு வாளியை உள்ளே விட்டுவிட்டால் கிணறு தீட்டாகிவிட்டது என்பார்கள். உடனே பஞ்சாயத்து, அபராதம், அடி, உதை. பிறகு புரோகிதர் வருவார். மந்திரம் சொல்லி, மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்த பஞ்சகவ்வியத்தைத் தெளித்து, தட்சிணையை மடியில் கட்டிக்கொண்டு, "சுத்தியாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போவார். மனிதன் கை பட்டால் அசுத்தம், மாட்டு மூத்திரம் பட்டால் சுத்தம்! 1950-ல் வந்த அரசியல் சட்டம் தீண்டாமை ஒழிந்தது என்று சொல்லிற்று. 1955-ல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டமும் வந்தது. சட்டம் வந்தும் புத்தி வராத ஊர்கள் இருக்கின்றன என்பது வேறு சங்கதி.

நான் கேட்பது இதுதான். அதே கிணற்றுக்குக் கூப்பிடு தூரத்தில் தோல் ஷாப்புக் கழிவுநீர் கறுப்பும் நீலமுமாக நுரைத்துக்கொண்டு ஓடிற்றே, அதை யாராவது தீட்டு என்று சொன்னார்களா? எந்த சாஸ்திரத்திலாவது குரோமியத்துக்குப் பிராயச்சித்தம் எழுதியிருக்கிறதா? தீட்டு என்ற சொல்லை மனிதன்மேல் செலவழித்துவிட்டபடியால், உண்மையான அழுக்கு வந்தபோது அதற்கு வைக்க நம்மிடம் ஒரு சொல்லும் இல்லாமல் போய்விட்டது. ஆதலால் இன்று கிணற்றுக்குத் தீட்டு எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் யாரிடம் போய் என்ன கேட்பது என்ற மூன்றையும் பற்றிப் பேச நினைக்கிறேன்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவது வெகுகாலமாக நடந்துவரும் தொழில். நம் பாட்டன்மார் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். அதிலும் நாற்றம் உண்டு, உப்பும் உண்டு. ஆனால் 1970-களில் சர்க்கார் அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலாகவே அனுப்பவேண்டும் என்று தூண்டிற்று. அன்னியச் செலாவணி பெருகிற்று. அதோடு குரோமிய முறையும் பெருகிற்று. பட்டை போட்டு வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமிய உப்பு சீக்கிரத்தில் முடித்துக் கொடுத்துவிடும். இம்முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் புழங்குவதாகவும், ஒரு கிலோ முடித்த தோலுக்கு சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும் பின்னால் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டது.

இதில் எது எங்கே போகிறது என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் "குரோமியம், குரோமியம்" என்று ஒரே பேரைச் சொல்லிக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பை அள்ளிப் போட்டு மண்டிக்கு அனுப்புகிறார்கள். ஷாப்பில் அதை ஊறவைத்து அலசும்போது அவ்வளவு உப்பும் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. கரைந்த உப்பை வடிகட்ட முடியாது. மற்ற அழுக்கைப் படியவைத்து எடுத்துவிடும் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையமும் உப்பை அப்படியே வெளியே விட்டுவிடும். பாலாறோ வருஷத்தில் பெரும்பாகம் மேலே ஓடாத ஆறு. மணலுக்கு அடியில் ஓடுகிற ஆறு. மேலே ஓடுகிற ஆறானால் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும். மணலுக்குள் இறங்கிய உப்பு கிணற்றுக்குக் கிணறு மெல்ல நடந்து போகும். நெல் போனது, வாழை போனது, தென்னை காய்ப்பு நின்றது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த உப்பின் வேலைதான். குரோமியத்தில் பெரும்பகுதி அடியில் சேறாகத் தங்குகிறது. அந்தச் சேற்றை எங்கே கொட்டினார்கள் என்பது தனிக் கேள்வி.

குரோமியத்திலும் இரண்டு ஜாதி உண்டு. (இது நிஜமான ஜாதி, சோதனைசாலையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்!) தோலுக்குப் போடுவது ஒரு வகை, அது அவ்வளவு சுலபமாகத் தண்ணீரில் நகராது. மற்றொரு வகை தண்ணீரோடு தண்ணீராக ஓடக்கூடியது, புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. இராணிப்பேட்டையில் குரோமிய உப்புத் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களில் மூடப்பட்டபோது, அந்த இரண்டாவது வகை கலந்த கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் அங்கேயே குவியலாக விடப்பட்டது. முதலாளி போய்விட்டார். மழை மட்டும் வருஷா வருஷம் வந்து அந்தக் குவியலைக் கரைத்துக்கொண்டிருந்தது.

நிற்க. "தண்ணீர் கெட்டிருந்தால் குடிக்கும்போதே தெரியாதா?" என்று கேட்கிறார்கள். தெரியாது. உப்பு நாக்குக்குத் தெரியும். ஆனால் குடிதண்ணீரில் குரோமியம் இருக்கலாம் என்று இந்திய அளவுக் கட்டளை அனுமதிப்பது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். தண்ணீர் மஞ்சளாகக் கண்ணுக்குப் படுவதற்கு வெகு முன்பே அந்த அளவு கடந்து போயிருக்கும். உரத்திலிருந்தும் கக்கூஸ் குழியிலிருந்தும் வருகிற நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. அது 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிற தண்ணீரில் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கலந்து கொடுத்தால், குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும். அப்பொழுது நாம் என்ன செய்கிறோம்? பேய் அடித்துவிட்டது என்று வேப்பிலை அடிக்கிறோம்.

ருசியை நம்பியவர்கள் கதை ஒன்று சொல்லுகிறேன். 1854-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் லண்டன் பட்டணத்தில் பிராட் தெரு என்ற இடத்தைச் சுற்றிக் காலரா வந்து, பத்தே நாளில் 500 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். கெட்ட காற்றினால் காலரா வருகிறது என்பதே அக்காலத்துப் பெரிய டாக்டர்களின் முடிவு. ஜான் ஸ்நோ என்ற ஒரு டாக்டர்மட்டும் தண்ணீரின்மேல் சந்தேகப்பட்டார். அவர் செய்த காரியம் என்ன? வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் எத்தனை சாவு, அந்த வீட்டார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று கேட்டு எழுதினார். பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் செத்திருந்தார்கள். அங்கே தனிக் கிணறு இருந்தது. சாராயச் சாலையில் எழுபது பேருக்குமேல் வேலை செய்தும் ஒருவரும் காலராவில் சாகவில்லை. அவர்கள் தண்ணீர் குடிப்பதே இல்லை, பீர்தான் குடிப்பார்கள்! (இதைக் கேட்டுவிட்டு யாரும் சாராயக் கடைக்குப் போய்விட வேண்டாம்.) தூரத்தில் ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் நல்ல காற்றோட்டமான வீட்டில் இருந்த ஒரு விதவை அம்மாள் காலராவில் செத்துப் போனார். விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீர் வெகு ருசி என்று அந்த அம்மாள் அதைப் புட்டியில் வரவழைத்துக் குடித்துவந்தது தெரிந்தது. அந்த ருசியான கிணற்றுக்கு மூன்றடி தூரத்தில் ஒரு கக்கூஸ் குழி இடிந்து கசிந்துகொண்டிருந்தது என்பது பின்னால் தோண்டிப் பார்த்தபோது வெளிப்பட்டது.

குழாயின் கைப்பிடியை செப்டம்பர் 8-ந் தேதி கழற்றினார்கள். அதற்குள் நோய் இறங்க ஆரம்பித்திருந்தது என்று ஸ்நோவே எழுதிவைத்திருக்கிறார். இன்னொரு விசேஷம். ஸ்நோ சொன்னது தப்பு என்று ரூபிக்கப் புறப்பட்டவர் அந்தப் பேட்டையின் இளம் பாதிரியார் ஒருவர், வைட்ஹெட் என்று பெயர். அவரும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்; கணக்கெடுத்த பிறகு ஸ்நோ சொன்னதே சரி என்று ஒப்புக்கொண்டார். கணக்கு பாதிரியையும் கேட்காது, நாஸ்திகனையும் கேட்காது. இந்தக் கதையில் பெரிய யந்திரம் எதுவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் கேட்டு எழுதுகிற பொறுமையும் இருந்தன. நம் ஊரில் அதுகூட இல்லையா?

ஆகவே முதற் காரியம் நோட்டுப் புத்தகம். தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, எந்தக் கிணறு, எந்தப் போர், எத்தனை அடி, சர்வே நம்பர் என்ன, எந்த வருஷத்திலிருந்து தண்ணீர் மாறிற்று, யார் குடிக்கிறார்கள், ஆடுமாடு குடிக்கிறதா, யாருக்கு என்ன வியாதி என்பதைத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும். சேரியின் கிணற்றை விட்டுவிட்டு ஊர்க் கிணற்றைமட்டும் எழுதினால் அந்தக் கணக்கு பொய்க் கணக்கு. காசு உள்ளவன் கேன் தண்ணீர் வாங்கிவிடுகிறான்; கெட்ட கிணற்றைக் கடைசிவரையில் குடிப்பவன் யார் என்பது நமக்குத் தெரியாததல்ல.

இரண்டாவது சோதனை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் சோதனைசாலை இருக்கிறது. பொதுஜனங்கள் கட்டணம் கட்டிச் சோதனை செய்துகொள்ளலாம். புட்டியைக் கொண்டுபோவதற்கு முன்னால் நீங்களே அங்கே போய், என்னென்ன பார்க்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சோதனை செய்து கொடுத்துவிடுவார்கள். அதில் குரோமியம் இருக்காது. "குரோமியம் பார்க்கவேண்டும், நைட்ரேட் பார்க்கவேண்டும், கரைந்த உப்பு மொத்தம் பார்க்கவேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். உலோகத்துக்கும் கிருமிக்கும் தனித்தனிப் புட்டி. அதை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். மோட்டாரைச் சற்று நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போனபின் பிடிக்க வேண்டும். கோடையில் ஒரு தடவை, மழைக்குப்பின் ஒரு தடவை பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருக்காது. கடையில் விற்கிற பேனாப்போன்ற சிறு மீட்டரை முக்கிப் பார்த்து "நல்ல தண்ணீர்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது உப்பைமட்டும் காட்டும், விஷத்தைக் காட்டாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரைக் காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். கிருமி சாகும், மெய்தான். காலராவுக்கும் பேதிக்கும் அது நல்ல காரியம், விட்டுவிடாதீர்கள். ஆனால் உப்பும் உலோகமும் நைட்ரேட்டும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அவை இன்னும் கெட்டியாகும். படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், அவ்வளவுதான். குளோரின் கிருமிக்கு. துளசியைப் போட்டால் துளசி வாசனை வரும். தண்ணீரில் இருந்தது இருந்தபடியே இருக்கும். சோதனையில் குரோமியமோ நைட்ரேட்டோ அளவுக்குமேல் வந்தால், அந்தக் கிணற்றைக் குடிக்கவும் சமைக்கவும் விலக்கிவிட்டு வேறு தண்ணீர் கேட்பதுதான் வழி.

யாரிடம் கேட்பது? இங்கேதான் நம்மவர்கள் கும்பிடு போட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதிகாரியைக் கடவுளாக்கிவிட்டு, மனுவை அர்ச்சனைச் சீட்டாக்கிவிட்டால், பிரசாதந்தான் கிடைக்கும். 1974-ஆம் வருஷத் தண்ணீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், எந்தத் தொழிற்சாலைக்கு என்ன நிபந்தனையின்பேரில் கழிவு விட அனுமதி கொடுத்தது என்பதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கழிவினால் பாதிக்கப்பட்டவர் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம். காட்டமாட்டேன் என்றால் 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "ஐயா, தயவு செய்து" என்று நான்கு பக்கம் எழுத வேண்டாம். இன்ன ஷாப்பின் அனுமதி நகல், இன்ன வருஷத்துச் சோதனை அறிக்கை என்று கேள்வியை ஒரு வரியில் கேளுங்கள்.

கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூட வேண்டுமென்பது 2022 முதல் நம் மாகாணத்து ஏற்பாடு. அதில் மார்ச் 22 தண்ணீர் தினத்துக்கென்றே ஏற்பட்டது. அன்றைக்கு உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் சோதனை முடிவையும் வாசித்து, தீர்மானமாக மினிட் புத்தகத்தில் ஏற்றி, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். தலைவர் மாலை போட்டுக்கொண்டு போட்டோ பிடித்துக்கொள்வதற்காக மட்டும் சபை கூடுவதல்ல.

அதற்கும் அசையாவிட்டால் 2010-ஆம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டலக் கிளை சென்னையில் இருக்கிறது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. வழக்குக்குக் காரணம் ஏற்பட்டதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். நஷ்டஈடு கேட்பதானால் ஐந்து வருஷம். தேதி போட்டு எழுதிவையுங்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்வது இதற்காகத்தான். வக்கீல் வேண்டுமானால், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசமாக வைத்துக்கொடுக்க மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நம் ஆற்றங்கரை ஆட்களே செய்திருக்கிறார்கள். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்ற ஒரு சங்கம் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தார் எடுத்த கணக்கும், திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டதாக எடுத்த கணக்கும் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. பாருங்கள், அங்கேயும் கிணறு எண்ணியவர்கள் இருந்தார்கள்! கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும், கெடும் என்று தோன்றினாலே தடுக்கவேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டின் சட்டம் என்று அன்றைக்குத்தான் கோர்ட்டார் அழுத்தமாகச் சொன்னார்கள். ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகளுக்குத் தலைக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. 2025 ஜனவரி 30-ந் தேதி அதே சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது: பாதிக்கப்பட்டவர்களில் இன்னும் பணம் பெறாதவர்களுக்கு சர்க்கார் ஆறு வாரத்தில் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், கண்காணிக்க ஒரு கமிட்டி வேண்டும் என்றும். முதல் தீர்ப்பு வந்த வருஷம் பிறந்த குழந்தைக்கு இப்பொழுது குழந்தை பிறந்திருக்கும். கோர்ட்டு ஜெயித்துக் கொடுத்ததைக் கையில் வாங்க ஊரில் ஆள் வேண்டாமா?

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "ஷாப்பை மூடிவிட்டால் எங்கள் பிள்ளைகள் வேலைக்கு எங்கே போவது?" என்று கேட்கிறார். யோக்கியமான கேள்வி. இதை உள்நோக்கம் என்று தள்ளுகிறவன் ஷாப்பில் கூலி வாங்காதவன். ஷாப்பை மூடு என்று நான் சொல்லவில்லை. தோலை ஊறப்போடுமுன் உதறினாலே உப்பில் ஒரு பங்கு உதிர்ந்துவிடும். குரோமியத் தண்ணீரிலிருந்து குரோமியத்தை மீட்டு மறுபடியும் உபயோகிக்க வழி இருக்கிறது. சென்னை அடையாறில் 1948-ல் ஏற்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருப்பது இந்தமாதிரி வேலைக்குத்தான். வழி இல்லாமல் இல்லை; செலவு யார் தலையில் என்பதுதான் தகராறு. அந்தச் செலவை முதலாளி கொடுக்காதபோது கிணற்றுக்காரன் கொடுக்கிறான், கூலிக்காரன் உயிரால் கொடுக்கிறான். 2015 ஜனவரி 31-ந் தேதி இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துச் சேற்றுத் தொட்டியின் சுவர் இரவில் உடைந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுவரைப் பற்றியும் ஒருவர் முன்கூட்டிக் கேட்டு எழுதியிருந்தால், கேட்டவரை நாம் வேலைக்குக் கெடுதல் செய்கிறவர் என்றுதான் சொல்லியிருப்போம். சீட்டு எழுதிய தோழரையே நான் கேட்டுக்கொள்கிறேன்: ஷாப்புக்குள் எந்தத் தொட்டி, எந்தக் குழாய் எங்கே போகிறது என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். நோட்டுப் புத்தகத்தில் உங்கள் பக்கம் இல்லாவிட்டால் அது பாதிக் கணக்காகத்தான் இருக்கும்.

நேரமாகிவிட்டது. மேடைக்கு வலப்பக்கம் பெஞ்சியின்மேல் இருபது நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம், தெருவுக்கு ஒன்று. பெயர் கொடுக்கிற இளைஞர்கள் இப்பொழுதே வாங்கிக்கொள்ளலாம். பெண்பிள்ளைகள் முன்னால் வந்தால் நலம், தண்ணீர் சுமக்கிறவர்கள் அவர்கள்தானே. சோதனைக் கட்டணத்துக்காகத் துண்டு ஏந்தி வருகிறார்கள். முதல் புட்டி காலனிக் கிணற்றிலிருந்து எடுப்பதென்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே வந்து சேருங்கள்.